எண்ணெய் தேய்த்துக் குளித்த ஏர் ஃபில்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கிள்ளானில் ஏதாவது ஒரு தாமான் குடியிருப்புக்குள் நுழைந்து மெதுவாக நடந்து பாருங்கள். வரிசை வீடுகளில் பத்துக்கு ஒரு வீட்டு வாசலில் கார் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்த வாய்க்குள் இடுப்புவரை ஒரு மனிதர் இறங்கியிருப்பார். வெளியே தெரிவது கைலியும் ஜப்பான் சிலிப்பரும் மட்டும். அவர் மெக்கானிக் என்று நினைத்துவிடாதீர்கள். கார் பழுதாகிவிட்டது என்றும் பரிதாபப்படாதீர்கள். கார் நன்றாக ஓடுகிறது. அதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த இனத்துக்கு நான் 'மூச்சு வைத்தியர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஏனென்றால் இவர்களுடைய வேதம் ஒரே வரிதான்: "கார் மூச்சு விட முடியாம தவிக்குது." காற்றை வடிகட்டி என்ஜினுக்கு அனுப்ப ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறதே, அதுதான் இவர்களுக்கு முதல் எதிரி. நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் பாலைவனத்திலும் பனியிலும் ஓட்டிப் பார்த்து, மழைத்தண்ணீர் புகாமல், தூசி புகாமல், சத்தம் வராமல் செய்து வைத்த பெட்டி அது. பாவம், அந்தப் பொறியாளர்கள் பதினொரு நிமிட யூடியூப் வீடியோவைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். நம் வைத்தியர் மூன்று முறை பார்த்துவிட்டார். பெட்டி வெளியே போகிறது. அதன் இடத்தில், பாத்ரூமுக்கு வாங்கி மிஞ்சிய பிவிசி தண்ணீர்க் குழாய் வெள்ளிப் பெயின்ட் அடித்துக்கொண்டு வந்து உட்காருகிறது. குழாயின் முனையில் காளான்போலச் சிவப்பாக ஒரு பருத்தி ஃபில்டர். மூடி கிடையாது, உறை கிடையாது. திறந்த மார்போடு நிற்கும் பயில்வான் மாதிரி.

வேலை முடிந்ததும் உங்களைக் கூப்பிடுவார். தப்பிக்க முடியாது. பாசார்ச் சந்தைவரை ஒரு சுற்று. முதல் கியரில் என்ஜின் 'புஸ்' என்று சீறும்போது அவர் சாலையைப் பார்க்கமாட்டார். உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

"தெரியுதா?"

தெரிகிறது என்று சொல்லிவிடுங்கள். ஏன் வம்பு? ஒருமுறை நான் வேறு மாதிரி நடந்துகொண்டேன்.

"அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"எதை?"

"வேகத்தை. இல்லேன்னா பெட்ரோலை. ஏதாவது ஒன்ன."

அவர் என்னை, கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அதெல்லாம் அளக்க முடியாது சார். ஃபீல் பண்ணணும் லா."

உண்மைதான். கடவுள், பேய், பிக்கப். அளக்காதவரை மூன்றும் இருக்கின்றன.

என்னிடம் இதைச் சொன்னவர் விமலன். என் வீட்டுக்கு அடுத்த வீடு. இடையில் இருப்பது இடுப்புயரச் சுவர்தான்; ஆகவே அவருடைய ஆராய்ச்சிகள் எதுவும் எனக்குத் தெரியாமல் நடப்பதில்லை. காப்புறுதி அலுவலகத்தில் வேலை. தங்கமான மனிதர். யாருக்காவது இரத்தம் வேண்டும் என்றால் முதல் ஆளாக நிற்பார், பக்கத்து வீட்டுப் பூனை சாக்கடையில் விழுந்தால் இறங்கித் தூக்குவார். கார் பானெட்டைத் திறக்காத வரைக்கும் அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு சின்ன விஷயம். அவர் திறக்கும் பானெட் அவருடையதல்ல. கார் அவருடைய மனைவி லோகேஸ்வரியின் கார். கடன் அவர் பெயரில், கிராண்ட் என்னும் உரிமைப் பத்திரம் அவர் பெயரில், தினமும் காலை ஏழு மணிக்கு நெரிசலில் மாட்டிக்கொண்டு ஓட்டுவதும் அவர்தான். விமலன் மோட்டார் சைக்கிளில் அலுவலகம் போய்விடுவார். மோட்டார் சைக்கிளில் அவர் ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை. ஏன் என்று கேட்டேன். "அதுல நான் டெய்லி வேலைக்குப் போறேன் சார். கைய வச்சுக் கெட்டுப் போச்சுன்னா?"

கேட்டீர்களா நியாயத்தை? நாட்டில் பெரிய பெரிய திட்டங்கள் இந்தத் தத்துவத்தின்படிதான் போடப்படுகின்றன. சோதனை எப்போதும் அடுத்தவன் வண்டியில்.

லோகேஸ்வரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். பதினோரு ஆண்டுகள். பதினோரு ஆண்டும் ஒப்பந்தத்தில். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஓர் ஆண்டு. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் நிரந்தரமாகி, மேலாளராகி, அவருடைய விடுமுறை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர் மட்டும் தற்காலிகம். அவர் உட்காரும் நாற்காலி நிரந்தரம். இந்த அநியாயத்துக்குக் கடைசியில் ஒரு கதவு திறந்தது: பங்சாரில் இருந்த தலைமை அலுவலகத்தில், நிரந்தரப் பதவிக்கு நேர்முகத் தேர்வு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. தாமதமாக வருபவர்கள் அழைக்கப்பட மாட்டார்கள் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. இந்த வாய்ப்பு போனால் அடுத்தது எப்போது என்று அதில் எழுதவில்லை.

வீட்டில் இப்படி ஒரு நாள் வரப்போகிறது என்றால் சாதாரண மனிதர்கள் என்ன செய்வார்கள்? பேசாமல் இருப்பார்கள். மூச்சு வைத்தியரால் அது முடியுமா? "அவ முக்கியமான வேலையா போறா, கார் சும்மா பறக்கணும் லா" என்று சனிக்கிழமை காலையிலேயே ஃபில்டரைக் கழற்றிவிட்டார்.

இந்தப் பருத்தி ஃபில்டருக்கு ஒரு சடங்கு உண்டு. கழுவ வேண்டும், காய வைக்க வேண்டும், பிறகு அதற்கென்றே விற்கும் சிவப்பு எண்ணெயைச் சில சொட்டுகள் தடவ வேண்டும். விமலனிடம் சிவப்பு எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. ஆன்லைனில் ஆர்டர் போட்டது செவ்வாய்க்கிழமைதான் வரும். அப்போதுதான் வந்து சேர்ந்தார் தனேஷ். ஸ்ரீ கெம்பாங்கானில் ஏர்கான் பொருத்தும் தொழில் செய்பவர், நாற்பது வயது, அதே இனத்தைச் சேர்ந்தவர். ஓர் ஆள் தனியாகச் செய்யத் தயங்குவதை இரண்டு ஆள் சேர்ந்தால் தயங்காமல் செய்வார்கள் என்பது மனித வரலாறு.

"எண்ணெய்தானே அண்ணே வேணும்?" என்றார் தனேஷ். "வீட்ல நல்லெண்ணெய் இல்லையா?"

விமலனின் முகத்தில் ஒளி பரவியதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே பார்த்தேன். "அட! இன்னிக்குச் சனிக்கிழமை வேற. எண்ணெய் தேச்சிக் குளிக்கிற நாளு."

"அங்கதான் அண்ணே இடிக்குது. சனிக்கிழமை ஆம்பளைங்களுக்கு. பொம்பளைங்களுக்கு வெள்ளிக்கிழமை. கார் ஆம்பளையா, பொம்பளையா?"

சிரிக்காதீர்கள். இருவரும் சிரிக்கவில்லை. என்ஜினைச் சுற்றி நின்றுகொண்டு, ஆற்றி ஊற்றிய தே தாரே தேநீர் ஆறிப்போகும்வரை, இதை விவாதித்தார்கள்.

"கார்ல என்னா ஆம்பளை பொம்பளை?" என்றார் விமலன், ஆனால் குரலில் உறுதி இல்லை.

"கிராண்ட் அண்ணி பேர்ல இருக்கு. அப்ப பொம்பளை. நேத்தே குளிச்சிருக்கணும்."

"ஓட்டுறது நானும்தானே?"

"நீங்க ஞாயித்துக்கிழமை பாசாருக்கு ஓட்டுறீங்க அண்ணே. அது கணக்குல வராது."

விமலன் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "கார் பொம்பளையாவே இருந்துட்டுப் போகட்டும். ஃபில்டர் நான் வாங்குனது. ஃபில்டர் ஆம்பளை."

தனேஷ் தலையாட்டினார். பிரச்சினை தீர்ந்தது. எந்தக் கிழமை குளிப்பாட்டுவது என்று அரை மணி நேரம் ஆராய்ந்த இரண்டு பேரில் ஒருவர்கூட, விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெயைக் காற்று போகிற வழியில் ஊற்றலாமா என்று கேட்கவில்லை. மூட நம்பிக்கையின் அழகே அதுதான். தவறான கேள்வியை அவ்வளவு கவனமாக ஆராய வைத்துவிடும். சரியான கேள்விக்கு நேரமே இருக்காது. "விமலன், அது சரிப்படுமா?" என்று நான் சுவருக்கு மேலாகக் கேட்டேன். "சார் எதைத்தான் நம்புனாரு?" என்றார் தனேஷ். இருவரும் சிரித்தார்கள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு லோகேஸ்வரி வெளியே வந்தார். கையில் படித்துக்கொண்டிருந்த குறிப்புகள்.

"ஏங்க, திங்கக்கிழமை எனக்கு இன்டர்வியூ. காரைத் தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"காரைத் தொடல லோகா. ஃபில்டரைக் குளிப்பாட்டுறோம்."

"அது என்னா எண்ணெய்? சாமி விளக்குக்கு வச்சிருந்ததா?"

"நல்லெண்ணெய் உடம்புக்கு நல்லதும்மா."

"உடம்புக்கு."

"என்ஜினும் ஒரு உடம்புதானே லா."

லோகேஸ்வரி எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தார். பதினோரு ஆண்டுகள் மாதிரிக் குழாய்களையும் அளவுக் கருவிகளையும் கையாண்டவர் அவர். ஒரு சொட்டு கூடினால் முடிவு மாறும் என்பது அவருடைய தினசரி வாழ்க்கை. ஆனால் மணி பதினொன்று, படிக்க இன்னும் நாற்பது பக்கம், மத்தியானச் சமையல் பாக்கி. குறிப்புகளோடு உள்ளே போய்விட்டார். இப்படித்தான் நாட்டில் நிபுணர்கள் தோற்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை.

சில சொட்டுகள் தடவ வேண்டிய இடத்தில் அரைப் போத்தல் போயிற்று. குழந்தைக்குத் தேய்ப்பதுபோல மடிப்பு மடிப்பாகத் தேய்த்தார்கள். ஃபில்டர் பளபளத்தது. மாட்டி முடித்ததும் வெள்ளிக் குழாயின்மேல் மூன்று கோடு விபூதி. ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டம். கார் ஓடியபோது உள்ளே கோயில் வாசனை அடித்ததாம். "பாசிட்டிவ் வைப்ரேஷன் சார்" என்றார் விமலன் என்னிடம். வைப்ரேஷன் என்று அவர் சொன்னது மட்டும் பலித்தது.

திங்கட்கிழமை நடந்ததை லோகேஸ்வரிதான் பிறகு என்னிடம் சொன்னார். சொல்லும்போதே சிரிப்பு அடங்காமல் இரண்டு முறை நிறுத்திக்கொண்டார். ஆனால் அன்று காலை அவர் சிரிக்கவில்லை.

விமலன் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டிருந்தார். "நீ டென்ஷனா இருப்ப, நானே ஓட்டுறேன்." ஆறே முக்காலுக்குக் கிளம்பினார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறியதிலிருந்தே கார் விக்க ஆரம்பித்தது. ஷா ஆலம் தாண்டுவதற்குள் குலுங்கியது. கொஞ்ச தூரம் போனதும், ஏழே முக்காலுக்கு, இடப்பக்கம் ஒதுங்கி அடங்கிப்போனது. சாவியைத் திருப்பினால் உறுமும், இருமும், அணையும்.

லோகேஸ்வரி போனில் வாடகைக் கார் தேடினார். அந்த நெரிசலில் வந்து சேரவே நாற்பது நிமிடம் என்று காட்டியது. அதற்குப் பிறகு பங்சார் எங்கே, ஒன்பது மணி எங்கே?

விமலன் பானெட்டைத் திறந்தார். அடுத்து நடந்ததுதான் இந்த இனத்தைப் பற்றி நான் அறிந்ததிலேயே உச்சம். மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு தம்பி, உதவி செய்யும் நல்ல மனத்தோடு நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னாச்சு boss?"

"தெரியல தம்பி, திடீர்னு நின்னுருச்சு."

"Boss! இது பிவிசியா? சொந்தமா செஞ்சதா?"

"ஆமா தம்பி. வீட்லயே."

"குழாய் வளையுற முட்டு எத்தனை இன்ச்?"

"மூணு. ரெண்டரை போட்டா பிக்கப் போயிரும்."

"கரெக்ட் boss! நானும் அதான் சொல்வேன், ஒருத்தனும் கேக்க மாட்றானுங்க!"

ஒரு பெண்ணின் பதினோரு ஆண்டு உழைப்பு சாலையோரத்தில் நின்றுகொண்டிருக்க, அவளுடைய காரின் வாய்க்குள் தலையை விட்டபடி இரண்டு ஆண்கள் முட்டின் அளவைப் பற்றி முழு மனநிறைவோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறு நிமிடம். லோகேஸ்வரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டதால் கணக்குச் சரியாகத் தெரியும்.

ஏழாவது நிமிடத்தில் அவர் தம்புசாமிக்குப் போன் போட்டார். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வொர்க்ஷாப் வைத்திருப்பவர். ஆண்டுதோறும் அந்தக் காருக்கு எண்ணெய் மாற்றுபவர்.

"அண்ணே, கார் விக்கி விக்கி நின்னுருச்சு. ஃபில்டர்ல நல்லெண்ணெய் ஊத்தியிருக்காரு."

"என்னா எண்ணெய்னு சொன்னீங்க?"

"நல்லெண்ணெய்."

"அரைப் போத்தலா, முழுப் போத்தலா?"

"அரை."

"அப்ப பரவால்ல" என்றார் தம்புசாமி. அனுபவசாலி, முழுப் போத்தலையும் பார்த்திருக்கிறார். "தங்கச்சி, ஃபில்டருக்குப் பின்னால குழாய்ல ஒரு சென்சார் சொருகியிருக்கும், ஒயர் வரும். உள்ள போற காத்த அளக்குறது அது. அதுல எண்ணெய் படிஞ்சிருக்கும், தப்புத் தப்பா அளந்து சொல்லுது. அந்தச் சொல்ல நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தப்பா அனுப்புது. சாவியை அணைச்சிட்டு அந்த ஒயரைப் புடுங்கிடுங்க. அளவு வரலேன்னா கம்ப்யூட்டர் தானா ஒரு கணக்குப் போட்டு ஓட்டும். மஞ்ச லைட் எரியும். எரியட்டும். ரொம்ப மிதிக்காம வாங்க."

லோகேஸ்வரிக்கு அது உடனே புரிந்துவிட்டது. தப்பாக அளக்கும் கருவியைவிட அளக்காத கருவி மேல் என்பது அவர் கூடத்தில் தினமும் சொல்வது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட்டுக்கு வந்தார்.

"தள்ளுங்க."

"லோகா, அதத் தொடாத! டியூனிங் போயிரும்!"

"போகட்டும்."

"அக்கா, boss சொல்றதும் சரிதான், அந்த ஒயரு..."

"தம்பி, நீங்க வேலைக்குப் போகலையா?"

ஹெல்மெட் தம்பிக்குத் தனக்கும் ஒரு முதலாளி இருப்பது நினைவுக்கு வந்தது. போய்விட்டார். லோகேஸ்வரி ஒயரைப் பிடுங்கினார். சாவியைத் திருப்பினார். கார் ஒருமுறை செருமிவிட்டு, ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. பங்சார்வரை அவரேதான் ஓட்டினார். விமலன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "இப்ப பிக்கப் கம்மியாயிருச்சு பாத்தியா?" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று லோகேஸ்வரி எனக்கு விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு வாசல். சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களில் நல்லெண்ணெய் வாசனை போகவில்லை. மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். படித்துக்கொண்டு போன நாற்பது பக்கத்திலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. நடுவில் இருந்த அம்மையார் கேட்டது இதுதான்:

"நேற்றுவரை சரியாக இருந்த கருவி இன்று தவறான அளவு காட்டுகிறது. நீங்கள் செய்யும் முதல் காரியம் என்ன?"

லோகேஸ்வரி யோசிக்கவே இல்லை. "அதில் கடைசியாகக் கை வைத்தது யார் என்று கேட்பேன்."

மூவரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். "ஏன்?"

"கருவி தானாகப் பொய் சொல்வது குறைவு. நல்லது செய்கிறோம் என்று நினைத்து யாராவது ஏதாவது செய்திருப்பார்கள். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்."

அம்மையார் சிரித்தாராம். அவர் வீட்டிலும் ஒருவர் இருக்க வேண்டும்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. நிரந்தரப் பதவி. பதினோரு ஆண்டுகள் தாமதமாக வந்த நியாயம் என்றாலும் நியாயம்தான். தாமானே இனிப்புத் தின்றது. தம்புசாமி சென்சாரைத் துடைத்து, பழைய கறுப்புப் பெட்டியைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டார். பானெட்டைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பதைப் பற்றி அந்த வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டதாகவும், அதில் விமலன் கையெழுத்துப் போட்டதாகவும் கேள்வி. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுமாம்.

கதை இங்கே முடிந்திருந்தால் விமலன் திருந்தினார் என்று எழுதியிருப்பேன். இனிப்பைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் என்னைத் தனியே இழுத்துச் சொன்னார்:

"சார், ஒன்னு யோசிச்சுப் பாருங்க. நான் மட்டும் அன்னிக்கு அந்த எண்ணெய ஊத்தலேன்னா, அவளுக்கு அந்தப் பதில் வந்திருக்குமா?"

முப்பது ஆண்டுகளாக நான் படித்த புத்தகங்களை எல்லாம் மனத்துக்குள் புரட்டினேன். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டேன்.

நீங்கள் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பப் போகிறீர்கள். உங்களுக்குக் கார் எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாது என்கிறீர்கள். நல்லது. பிள்ளையின் படிப்பு அட்டவணையை, சங்கத்தின் சட்ட விதியை, மருமகளின் சமையலை, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த எதையாவது, அது மூச்சுத் திணறுகிறது என்று நினைத்து நீங்கள் திறந்ததே இல்லையா? இன்று இரவு சாப்பிடும்போது, உங்கள் வீட்டில் இப்போது சரியாக ஓடாத ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் கடைசியாகக் கை வைத்தது யார் என்று பொதுவாகக் கேளுங்கள். யாராவது ஒரு பெயரைச் சொன்னால் நிம்மதியாகத் தூங்கலாம். எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகச் சமையலறைக்குள் போய்விட்டால், தயவுசெய்து உங்கள் விரல்களை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.